பிரேக் வேனுக்கு எழுதிய சீட்டு

கருங்கல்மேடு ஜங்ஷனில், மூடிப் பன்னிரண்டு வருஷமான நூல் மில்லுக்குப் பின்னால், எருக்கும் கோரையும் மண்டி, தண்டவாளம் எது தரை எது என்று தெரியாமல் போன பழைய சைடிங்கில், தை மாதம் முதல் புதன்கிழமை காலை ஒரு மூடு வேகன் வந்து நின்றது. எஞ்சின் எதுவும் அதை இழுத்து வரவில்லை, தள்ளியும் வரவில்லை, சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு புல்கூட மடங்கியிருக்கவில்லை. முதலில் பார்த்தவர் பால்காரர் ராசு. சைக்கிளை நிறுத்தினார், மணியடித்துப் பார்த்தார், அது வழிவிடாததால் சுற்றிக்கொண்டு போய் மில் தெருவுக்குப் பால் ஊற்றினார். ஸ்டேஷன் மாஸ்டர் வந்தார், வேகனின் எண்ணை மூன்று புத்தகத்தில் தேடினார், எதிலும் கிடைக்காததால் ஒரு சிவப்புக் கொடியை நட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். சாயங்காலத்துக்குள் அதன் நிழலில் ரெண்டு ஆடு கட்டியாகிவிட்டது, மறுநாள் காதுகுத்துப் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது, அந்த வாரக் கடைசியில் யாரோ ஏணி வைத்து ஏறி அதன் கூரையில் மிளகாய் காயப்போட்டார்கள். கருங்கல்மேட்டுக்காரர்கள் எதையும் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறவர்கள் இல்லை, வந்ததை எதற்கு வைத்துக்கொள்ளலாம் என்று பார்ப்பவர்கள்.

அது எங்கிருந்து வந்தது என்று ஊரில் நாலு பேருக்குத்தான் தெரியும். அந்த நாலு பேரும் பிலவேந்திரனின் போட்டோ ஃபிரேம் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கூடுகிற குட்டி ரயில் மன்றத்தின் அங்கத்தினர்கள். பதினாறு அடி பிளைவுட்டில் அவர்கள் போட்டு வைத்திருக்கிற பாதையில் விரல் உயரத்துக்கு ரயில்கள் ஓடும். ஆனால் அவர்கள் உயிரை விடுவது பயணிகள் வண்டிக்கல்ல, சரக்கு வேகனுக்கு. கல்கத்தாக் கம்பெனி ஒன்று வருஷத்துக்கு ஒரே ஒரு புது சரக்கு வேகனைக் குட்டியாகச் செய்து விற்கும். வரப்போவது எது என்று மாசி பிறக்கும்வரை மூச்சு விடாது. மார்கழியிலேயே நாலு பேரும் அது எதுவாக இருக்கும் என்று அடித்துக்கொண்டு, அலசி ஆராய்ந்து, ஆளுக்கொரு சீட்டில் எழுதி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவிடுவார்கள். சீட்டு என்றால் பிலவேந்திரன் அச்சடித்து வைத்திருந்த படிவம். வகை, நிறம், எண், கதவு, ரிவெட், சுமை, இதர விவரம் என்று கோடு போட்டிருக்கும். கீழே சின்ன எழுத்தில் ஒரு விதி: தெரிந்ததை எழுதவும், தெரியாததை வெறுமனே விடவும். ஜெயித்தவருக்கு ஒரு வருஷம் டீ மற்றவர்கள் செலவு. அந்த டீக்காக யாரும் எழுதவில்லை. நான் அப்பவே சொன்னேன் பார்த்தியா என்று ஒரு வருஷம் முழுக்கச் சொல்லிக் காட்டுகிற சுகத்துக்காக எழுதினார்கள். அதனால் விதியை மதித்து எதையும் வெறுமனே விட்டவர் அதில் யாரும் இல்லை, ஹோமியோபதி வைத்தியர் வரதுக்குட்டியைத் தவிர. அவரும் விதிக்காக விடவில்லை, சோம்பேறித்தனத்தில் விட்டார்.

சைடிங்கில் நின்றது பிலவேந்திரனின் சீட்டு. நிறம் அவர் எழுதியது, எண் அவர் தன் மகள் பிறந்த தேதியை வைத்துக் கற்பித்தது. கதவு இருந்த இடத்தில் கதவின் கோடு மட்டும் இருந்தது. ஊர்ப் பலசாலிகள் எல்லாம் இழுத்துப் பார்த்து உள்ளங்கையைச் சிராய்த்துக்கொண்டார்கள்.

“கம்பெனிக்காரன் கஞ்சப்பய, கதவைத் தனியா பண்ணமாட்டான்னு, ‘திறக்காது, சேர்த்து வார்த்தது’ன்னு எழுதியிருந்தேன். அப்படியே வந்திருக்கு பாருங்க,” என்றார் பிலவேந்திரன், பெருமைப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியாமல்.

அடுத்த புதன்கிழமை சிக்கந்தரின் சீட்டு வந்தது. சிக்கந்தர் யார்டில் நிஜ வேகன்களைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துச் சோதிக்கிறவன். அவன் எழுதியது டேங்கர். இரண்டு மாசமாகக் குழாயில் காற்று மட்டும் வந்துகொண்டிருந்த ஊரில் டேங்கர் என்றதும் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கவுன்சிலர் இன்பவல்லி முன்னால் நின்று குழாயைத் திருகினாள். அது திரும்பவில்லை.

“அதுவும் சேர்த்து வார்த்ததுதாங்க,” என்றான் சிக்கந்தர், தலையைச் சொறிந்துகொண்டு.

“ஏன் தம்பி, எழுதறதுதான் எழுதற, தண்ணியோட எழுத மாட்டியா?” என்றாள் இன்பவல்லி.

பிலவேந்திரன் அவசரமாக இன்னொரு சீட்டு எடுத்து, மூடி திறக்கிற டேங்கர், தண்ணீர் நிறைந்தது என்று கொட்டை எழுத்தில் எழுதி டின்னில் போட்டார். புதன்கிழமை அதுவும் வந்தது. மேலே ஏறி மூடியைத் திறந்தார்கள், உள்ளே விளிம்புவரை தளும்புகிற நீலம்; கயிறு கட்டி இறக்கிய வாளி அதில் ‘டங்’ என்று மோதி நின்றது. குட்டி ரயில்காரர்கள் குளமும் ஆறும் செய்வது ரெசின் என்கிற பிசினை ஊற்றிக் காயவைத்து. முப்பது வருஷமாகத் தண்ணீர் என்றால் பிலவேந்திரனின் மனசில் வருவது அந்த ரெசின்தான். அன்றைக்கு இன்பவல்லி அவரைத் திட்டிய திட்டை அச்சில் ஏற்ற முடியாது.

இந்த மன்றத்தில் நாலாவது ஆள் மங்கையற்கரசி. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலை ஷிப்ட். மைக்ராஸ்கோப்பில் அணுக்களை எண்ணிப் பழகிய கண். ஒரு வேகனின் பக்கவாட்டில் எத்தனை ரிவெட் என்று கேட்டால் படத்தைப் பார்க்காமல் சொல்லுவாள், ஒன்று குறைந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. மன்றத்துக்கு அவளாக வரவில்லை. அவள் வீட்டுக்காரர் தெய்வசிகாமணிதான் அங்கத்தினர். நிஜ வாழ்க்கையில் அவர் சரக்கு வண்டி கார்டு. வண்டியின் வாலில் தொங்குகிற பிரேக் வேன் என்கிற சின்னப் பெட்டியில், கொடியும் விளக்குமாகத் தனியாக நின்றுகொண்டு போகிறவர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, நாலே முக்கால் சரக்கு வண்டியில் அப்படித்தான் போனார். மலைச்சரிவும் ஒரு குகையும் இரண்டு பாலமும் தாண்டி, முப்பத்தெட்டு கிலோமீட்டர் இறங்கி வண்டி நெட்டூரணிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிரேக் வேன் இருந்தது, அவர் கொடியும் சாமானும் வைக்கிற லைன் பெட்டி இருந்தது, கைவிளக்கு எரிந்துகொண்டிருந்தது, அவர் இல்லை. அவர் பாதியில் விட்டிருந்த குட்டி வேகன்களைத் திருப்பிக் கொடுக்க மாடியேறிய மங்கையற்கரசி, ஒன்றில் ரிவெட் வரிசை கோணலாக இருந்ததைப் பார்த்துப் பொறுக்காமல் உட்கார்ந்து சரிசெய்தாள். அப்புறம் ஞாயிறுதோறும் வந்துவிட்டாள். கம்பெனி இந்த வருஷம் பிரேக் வேன்தான் விடும் என்று ஒவ்வொரு மார்கழியிலும் எல்லாருக்கும் தோன்றும். ஆனால் அவள் முன்னால் யாரும் அந்தப் பெயரை எடுப்பதில்லை, சீட்டிலும் எழுதுவதில்லை.

அவளுடைய சீட்டு வந்தது ஒரு பிளாட் வேகனாக, பக்கம் இல்லாத வெறும் மேடையாக, நானூற்றுப் பன்னிரண்டு ரிவெட்டோடு. அவள் எண்ணிப் பார்த்தாள், சரியாக இருந்தது. ஊர் அதைப் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு மேடையாக்கிக்கொண்டது.

கடைசியாக வரதுக்குட்டியின் சீட்டு வந்தபோதுதான் எல்லாருக்கும் விஷயம் புரிந்தது. அவர் ‘மூடு வேகன், பழுப்பு’ என்று மூன்றே வார்த்தை எழுதி, மற்ற எல்லாவற்றையும் வெறுமனே விட்டிருந்தார். அந்த வேகனின் கதவு கிறீச்சென்று திறந்தது. உள்ளே கோதுமை வாசனை, மூலையில் கிழிந்த சாக்கு, ஹிந்தியில் சாக்கட்டியால் யாரோ எழுதின கிறுக்கல், வரிசையாக எறும்பு. சிக்கந்தர் அதன் பதினோரு இலக்க எண்ணைப் பார்த்துக்கொண்டே விரலை மடக்கிக் கணக்குப் போட்டான். நிஜ வேகனின் எண்ணில் கடைசி இலக்கம் மற்ற பத்தையும் சரிபார்க்கிற இலக்கம். இஷ்டத்துக்குக் கற்பிக்கிற எண்ணில் அது பெரும்பாலும் உதைக்கும்.

“சரியா வருதுங்க,” என்றான் சிக்கந்தர், குரல் அடங்கி. “இது பொம்மை இல்ல. நாம எழுதினது நாம எழுதினபடி வருது. எழுதாம விட்டது உள்ளது உள்ளபடி வருது.”

அதற்கப்புறம் ஃபிரேம் கடை வாசலில் கூட்டம் தாளவில்லை. சிமெண்ட் வேகன் எழுதச் சொன்னார்கள், உரம் எழுதச் சொன்னார்கள், வரதுக்குட்டி கையால் எழுதினால்தான் ராசி என்று அவர் கிளினிக்கில் டோக்கன் போட்டார்கள். ‘டேங்கர், தண்ணீர்’ என்று இரண்டே வார்த்தை எழுதி அவர் வரவழைத்த தண்ணீரைக் குடித்துவிட்டு இன்பவல்லி, இந்த மனுசன் ஒழுங்காகப் படிக்காதது ஊர் செய்த புண்ணியம் என்றாள். கருங்கல்மேடு சிரித்துக்கொண்டிருந்த அந்த வாரத்தில்தான் கல்கத்தாவிலிருந்து கம்பெனியின் தாள் வந்தது. பிலவேந்திரன் அதைப் பிரித்துப் படித்தார், மடித்தார், மறுபடி பிரித்தார். நாலு பேரின் சீட்டும் தப்பு. இந்த வருஷத்து வேகன், பிரேக் வேன். கார்டு உருவத்துடன்.

யாரும் மங்கையற்கரசியைப் பார்க்கவில்லை. அவள் எழுந்து, பிலவேந்திரனின் மேஜையிலிருந்து வெற்றுச் சீட்டுகளைக் கற்றையாக எடுத்து எண்ணினாள். பதினாறு இருந்தது.

“அக்கா,” என்றான் சிக்கந்தர்.

“ஒண்ணும் சொல்லாத தம்பி.”

அந்தப் பதினாறு சீட்டையும் ஊசிநூலால் தைத்து ஒரே சீட்டாக்கி, நாலு நாள் உட்கார்ந்து எழுதினாள். பிரேக் வேனின் ரிவெட்டெல்லாம் ஒரே மணி நேரத்தில் முடிந்தது. மீதி நாளெல்லாம் அவரைத்தான் எழுதினாள். பன்னிரண்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனுக்கு இடது புருவத்தில் தழும்பா வலது புருவத்திலா என்று தெரியாமல் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் சிரிப்பை எழுத உட்கார்ந்தால் போட்டோவில் இருந்த சிரிப்புத்தான் வந்தது. முழுசாக, ஒரு நூல் பிசகாமல் அவளுக்கு ஞாபகம் இருந்தது ஒரே ஒரு மணி நேரம், அவர் போன அன்றைக்கு மூன்று மணியிலிருந்து நாலு மணிவரை. பதினோரு வருஷமாக மனசில் ஓட்டி ஓட்டித் தேய்ந்துபோன மணி நேரம் அது. வேறு வழியில்லாமல் அதை எழுதினாள். முகம் கழுவினது, துண்டை நாற்காலியில் போட்டது, காபியைப் பாதி குடித்து வைத்தது, ஷூ லேஸை இரண்டு தரம் அவிழ்த்துக் கட்டினது, ‘வரேன்’ என்று சுவரைப் பார்த்துச் சொன்னது. முகம் என்கிற இடத்தில், கோபம், என்று எழுதினாள்.

டின்னில் போடுவதற்கு முன்னால் சிக்கந்தர் அதை வாங்கிப் படித்தான். அவன்தான் கேட்டான்.

“கோபம்னு போட்டிருக்கீங்களே அக்கா. தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாம? முந்தின நாள் ராத்திரி சண்டை. ‘நீங்க இந்த வீட்டுக்கு வந்து போற விருந்தாளி, கூட்ஸ் வண்டிதான் உங்களுக்குப் பொண்டாட்டி, அதோடவே போய் இருங்க’ன்னு சொன்னேன். என் வாயால சொன்னேன். காலையிலேர்ந்து ஒரு வார்த்தை பேசல. அப்புறம் அதோடவே போயிட்டார். விசாரிக்க வந்தவங்ககிட்டயும் அதைத்தான் சொன்னேன். கோபத்துல போனவர், எங்கயாவது இறங்கிப் போயிருப்பார், தேடாதீங்கன்னேன்.”

“நாலே நாள்ல தேடறதை நிறுத்தினாங்களே, அதுனாலயா?”

“கோபிச்சுக்கிட்டுப் போனவனை யாரு தம்பி தேடுவா?” என்றாள் அவள். அப்படிச் சொல்லும்போது அவளுக்கு அவர்மேல் இன்னமும் ஆத்திரமாக வந்தது.

“கோபத்தை மட்டும் அடிச்சிட்டு அந்த இடத்தை வெறுமனே விடுங்கக்கா. விதி அதுதானே.”

அவள் அடிக்கவில்லை. பதினாறு சீட்டிலும் வெறுமனே விட்டது ஒரே ஒரு வரிதான், அதுவும் வேண்டுமென்று விட்டதில்லை. அவர் ‘வரேன்’ என்று வாசற்படி இறங்கும்போது அடுப்பில் பால் பொங்கிவிட்டது, அவள் உள்ளே ஓடினாள், அணைத்துவிட்டு வெளியே வந்தபோது அவர் தெருமுனை திரும்பிக்கொண்டிருந்தார், தோளை விறைத்துக்கொண்டு. நடுவில் நடந்தது அவளுக்குத் தெரியாது. ரிவெட்டை எண்ணுகிறவள் எண்ணாததை எழுதமாட்டாள்.

புதன்கிழமை சைடிங்கில் பிரேக் வேன் நின்றது. சரியாக மூன்று மணிக்கு அதன் கதவு திறந்து, நாற்பத்தோரு வயதில் ஒரு நாள் கூடாமல் குறையாமல், லைன் பெட்டியோடு தெய்வசிகாமணி இறங்கி மில் தெருவுக்கு நடந்தார். அவருடன் வேலை பார்த்தவர்களுக்குத் தலை நரைத்திருந்தது. அவர்கள் கையைத் தூக்கினார்கள், அவர் கவனிக்கவில்லை. மங்கையற்கரசி வாசலில் நின்றாள். அவருக்கு மூத்தவளாக ஆகியிருந்தாள், அது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. “ஏங்க,” என்றாள். அவர் அவளைத் தாண்டி உள்ளே போய் முகம் கழுவினார், துண்டை நாற்காலியில் போட்டார். காபி கொடுத்தாள், பாதி குடித்தார். எங்கே போனீங்க, ஏன் வரல, நான் சொன்ன ஒரு வார்த்தைக்கா இத்தனை வருஷம் என்று அழுதுகொண்டே கேட்டாள், கையைப் பிடித்து உலுக்கினாள். கை வெதுவெதுப்பாகத்தான் இருந்தது, உயிருள்ள கை. அவர் கோபமான முகத்தோடு ஷூ லேஸைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டினார். ராசு வந்து சாயங்காலப் பால் ஊற்றினார், அவள் கை தன் பாட்டில் அடுப்பில் வைத்தது. “வரேன்,” என்றார் அவர் சுவரைப் பார்த்து. பால் பொங்கியது. ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்தாள். தெருமுனையில் அவர் தோள் திரும்பியது.

மறுநாள் மூன்று மணிக்கு மறுபடி வந்தார். அதற்கு மறுநாளும்.

ஊர் அவரையும் பழக்கிக்கொண்டது. தெருமுனை டீக்கடையில் அவர் போகிறதைப் பார்த்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பன் எடுத்து வைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரிகள் வீட்டுக்காரர் வந்துட்டாராமே, ரொம்ப சந்தோஷம் என்று பூவும் குங்குமமும் கொண்டுவந்து கொடுத்தார்கள். விவரம் பதிவு செய்ய ஒரு அதிகாரி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, பெயர் என்ன, இத்தனை நாள் எங்கே இருந்தீர் என்று கேட்டார். தெய்வசிகாமணி போட்ட துண்டு அவர் மடியில் விழுந்தது, ‘வரேன்’ என்ற பதில் கிடைத்தது, அதை எழுதிக்கொண்டு போனார். எல்லாருக்கும் அவர் திரும்பி வந்த மனுஷன். மங்கையற்கரசிக்குத் தினம் மூன்று ஐம்பதுக்கு அவளை விட்டுப் போகிற மனுஷன். ஒரு தரம் விட்டுப்போனதையே பதினோரு வருஷம் சுமந்தவள், இப்போது பத்தொன்பது நாளில் பத்தொன்பது தரம் விடப்பட்டாள். இருபதாம் நாள் அவள் வேலையில் முதல்முறையாக ஒரு ரத்த அறிக்கையைத் தப்பாக எழுதினாள். அடித்து எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

டீ மாஸ்டர் மாடசாமி கிளாஸை வைத்துவிட்டு நின்றார்.

“ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களேம்மா? தினம் அந்த மனுசன் கேட்ல அவ்ளோ நேரம் நிக்கிறாரு. நீங்க ஒரு நாள் வெளிய வந்து பதில் சொல்லக் கூடாதா? பாக்கவே பாவமா இருக்கு.”

“யாரு நிக்கிறா?”

“சாரும்மா. நீங்க உள்ள போனதும் கேட்டைப் பிடிச்சிக்கிட்டு வீட்டைப் பாத்து என்னவோ சொல்றாரு. எதிர்த்தாப்பல மாவு மெஷின் ஓடற சத்தத்துல எங்களுக்குக் கேக்காது. தெருவே பாக்குது. புருசன் பொஞ்சாதி விஷயம், நாம ஏன் வாயைத் திறக்கணும்னுதான்…” என்று நிறுத்திவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து, “உங்களுக்குத் தெரியாதாம்மா?” என்றார்.

அவள் டீயைத் தொடாமல் எழுந்து வீட்டுக்கு நடந்தாள்.

அன்றைக்கும் மூன்று மணிக்கு அவர் வந்தார். முகம் கழுவினார், துண்டைப் போட்டார், காபியைப் பாதியில் வைத்தார். ராசு ஊற்றின பாலை அவள் அடுப்பில் வைத்தாள். ‘வரேன்’ என்றார். பால் நுரைத்து மேலே வந்தது, காது அதைக் கேட்டது, கால் உள்ளே இழுத்தது. அவள் நிலைப்படியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பால் பொங்கி வழிந்து, அடுப்பு அணைந்து, கருகல் வாசனை கூடத்துக்கு வந்தது. பொங்கினால் பொங்கட்டும் என்று விட்டாள்.

தெய்வசிகாமணி படியிறங்கிக் கேட்டுவரை போனார். அங்கே நின்றார். லைன் பெட்டியைக் கீழே வைத்தார். திரும்பினார். அந்த முகத்தை அவள் எழுதவில்லை. அதில் கோபம் இல்லை, கோபம் இருந்த அடையாளமும் இல்லை. சண்டை போட்டுவிட்டு எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியாமல் முழிக்கிற, லேசாக அசடு வழிகிற முகம். போட்டோ எதிலும் இல்லாத, அவள் மறந்தே போயிருந்த முகம். கேட்டுக் கம்பியை நகத்தால் சுரண்டினார்.

“மங்கை,” என்றார். மாவு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஓடிப் போய் முழ தூரத்தில் நின்றதால்தான் கேட்டது. “சனிக்கிழமைக்கு லீவு கேட்டிருக்கேன். எங்கயாவது போலாமா?”

பதிலுக்காக நின்றார். பால் அடங்குகிற நேரம் நின்றார்.

“போலாங்க,” என்றாள் மங்கையற்கரசி. “போலாங்க, போலாங்க.” அவர் காதில் விழவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்த வாசலில் ஆள் இல்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது அந்த வாசலை. கொஞ்ச நேரம் பார்த்தார், சரி வந்து பேசிக்கலாம் என்கிற மாதிரி தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டார், பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார். இலகுவான நடை, லைன் பெட்டி துடையில் தட்டத் தட்ட. தெருமுனைக்குப் போனதும் தோள்கள் விறைத்தன. அங்கிருந்து அவள் எழுதியது ஆரம்பித்துவிட்டது.

அவள் கேட்டைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். கோபமில்லை. சனிக்கிழமை லீவு கேட்ட மனுஷன் வியாழக்கிழமை எங்கேயும் இறங்கிப் போகவில்லை. போகவில்லை என்றால் அந்த முப்பத்தெட்டு கிலோமீட்டரில் அவருக்கு ஏதோ ஆகியிருக்கிறது. சரிவிலோ குகையிலோ பாலத்தடியிலோ விழுந்து, ஒருவேளை உயிரோடு கிடந்து, யாராவது வருவார்கள் என்று பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார். தேட வந்தவர்களைத் தேடாதீங்க என்று சொல்லி அனுப்பியது அவள். மாவு மெஷின்காரர் மெஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்து, பிலவேந்திரனுக்கு போன் போட்டார்.

மூன்று பேரும் வந்தார்கள். மங்கையற்கரசி எல்லாவற்றையும் சொன்னாள். வரதுக்குட்டி சின்னக் குப்பியைத் திறந்து ஏதோ உருண்டையைக் கொடுக்கப் பார்த்தார், அவள் வாங்கவில்லை. சிக்கந்தர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

“இன்னொரு சீட்டு போடுங்கக்கா. பிரேக் வேன், அவ்ளோதான். மத்த எல்லாத்தையும் வெறுமனே விட்டுடுங்க. அவருக்கு நிஜமா என்ன ஆச்சோ அது புதன்கிழமை வந்துடும். தேடவே வேணாம்.”

அவள் தலையாட்டி மறுத்தாள். உள்ளபடி வருவதைத் தாங்க முடியாது என்பதால் அல்ல. அதைத் தாங்கத்தான் வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

“வேணாம் தம்பி. வரவழைச்சது போதும். அவர் கிடக்கிற இடத்துக்கு நான் போகணும். அன்னிக்கே போயிருக்கணும்.”

மறுநாள் வேலைநாள். பிலவேந்திரன் கடை ஷட்டரை இறக்கினார். சிக்கந்தர் லீவு சொல்லிவிட்டு, அந்தப் பாதையில் எத்தனையாவது கிலோமீட்டரில் என்ன வளைவு, எங்கே ஓடை என்று எழுதின தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். வரதுக்குட்டி எதையும் எழுதி எடுத்துக்கொள்ளவில்லை, ஒரு கயிற்றுச் சுருளையும் தண்ணீர்க் கேனையும் தூக்கிக்கொண்டு வந்தார். பாதை பார்க்கிற கேங்மேன்களின் மேஸ்திரியிடம் சொல்லி அவரையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு கிளம்ப மூன்று மணி ஆகிவிட்டது. அவர்கள் சைடிங்கைத் தாண்டுகையில் பிரேக் வேன் கதவு திறந்து தெய்வசிகாமணி இறங்கினார். அவர் வீட்டுப் பக்கம், அவர்கள் மலைப் பக்கம். எதிரும் புதிருமாக நடந்து அவர்கள் பக்கத்தில் வந்தார். மற்றவர்கள் நின்றார்கள், மங்கையற்கரசி நிற்கவில்லை. கோபமான அந்த முகத்தை, தன் கையெழுத்தை, அவள் ஒரு தரம் பார்த்தாள், தாண்டிப் போனாள். வீடு பூட்டியிருக்கும், காபி இருக்காது, ராசு பாலை எதிர்வீட்டில் ஊற்றுவார். கேட்டில் நிற்க வேண்டிய நேரத்தில் அவர் நிற்பார்.

நாலாவது கிலோமீட்டரில் பாதை இரண்டு பாறைக்கு நடுவே நுழைந்து சரிய ஆரம்பித்தது. ஒரு பக்கம் பள்ளம், அடியில் தெரியாத அளவுக்குப் புதர். மேஸ்திரி நின்று, “இங்கேர்ந்து கூப்பிட்டுக்கிட்டே போகணும்மா. பேர் சொல்லிக் கூப்பிடுங்க,” என்றார். இத்தனை வருஷத்துக்கப்புறம் கூப்பிட்டு என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தேடுவது என்றால் அப்படித்தான், அவர்களுக்கு வேறு மாதிரி தேடத் தெரியாது.

மங்கையற்கரசி வாயைத் திறந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவரை ‘ஏங்க’ என்றும் ‘இங்க பாருங்க’ என்றும்தான் கூப்பிட்டிருக்கிறாள். விசாரணையில்கூடப் பெயரை எழுதித்தான் காட்டினாள். அந்தப் பெயர் அவள் நாக்குக்குப் பழக்கமே இல்லை. முதல் தரம் காற்றுத்தான் வந்தது. இரண்டாம் தரம் பள்ளத்தின் விளிம்புக்கு வந்து, இரண்டு கையையும் வாயருகே குவித்து, அடிவயிற்றிலிருந்து, “தெய்வசிகாமணீ!” என்று கூப்பிட்டாள்.